எச்சமும் இணைப்பும்

விருத்தாசலத்துச் செராமிக் பட்டறையில் ஒரு கிண்ணம் உருவாகும் விதத்தைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: களிமண்ணைக் கரைத்து, சலித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி, எடுத்து, உலர்த்தி, சூளையில் அடுக்கினார். வினைகள் ஆறு, முற்று ஒன்றுதான். திணை, பால், இடம் மூன்றையும் 'அடுக்கினார்' மட்டுமே காட்டுகிறது. மற்ற ஐந்தும் எச்சங்கள். எஞ்சி நிற்பது எச்சம்; தன்னை முடித்துவைக்கும் வினையை எதிர்பார்த்தே அது நிற்கிறது.

ஆங்கிலம் இதே செய்தியைப் பெரும்பாலும் முற்றுகளாகவே அடுக்கும். அண்ட், பட், ஆர், நார், சோ, யெட், ஃபார் என்று பள்ளி இலக்கணம் எண்ணும் ஏழு இணைப்புச் சொற்களும் சமநிலையில் உள்ளவற்றையே இணைப்பவை. அவை வாக்கியங்களை இணைக்கும்போது இருபுறமும் தனித்து நிற்கும் வலிமை உண்டு. எச்சத்தில் அந்தச் சமநிலை இல்லை.

அண்ட் என்பதற்கு நம்மிடம் 'உம்' இருக்கிறதே எனலாம். இருக்கிறது; 'மண்ணும் நீரும்' என்று பெயர்களை அழகாகவே சேர்க்கிறது. நன்னூல் உம்மைக்குச் சொல்லும் எட்டுப் பொருள்களில் இப்படி எண்ணுவது ஒன்று. ஆனால் முற்றுவினையோடு அது இவ்வாறு ஒட்டாது. 'ஊற்றினானும் உலர்த்தினானும்' என்று எழுதிப் பாருங்கள்: பழைய உரைகளில் பழகியவர் அதை வினையாலணையும் பெயராகக் கொண்டு, ஊற்றியவன் ஒருவன், உலர்த்தியவன் வேறொருவன் என்று இரண்டு ஆட்களைக் கண்டுவிடுவார்!

இனி, வினை செய்பவர் ஒருவரா இருவரா என்ற கேள்வி. இங்கேதான் இரு மொழிகளும் எதிர்பாராமல் நெருங்கி வருகின்றன. 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும் என்பது தொல்காப்பிய வினையியலின் விதி. ஆள் மாறினால் 'செய' வேண்டும்: அவர் கிளேஸ் பூச, மனைவி சூளையை மூட்டினார். ('மழை பெய்து குளம் நிறைந்தது' போன்றவை வழக்கில் உண்டு, உரையாசிரியர்கள் எச்சத்திரிபு என்று அவற்றுக்கும் இடம் தந்துவிட்டார்கள்.) ஆங்கிலம் இதே வேறுபாட்டை எழுவாயாலும் காற்புள்ளியாலும் காட்டுகிறது. 'ஹி கிளேஸ்டு த கப் அண்ட் ஃபயர்டு இட்': ஆள் ஒருவர், எழுவாய் மீண்டும் வரவில்லை, பொதுவாகக் காற்புள்ளியும் தேவையில்லை. 'ஹி கிளேஸ்டு த கப், அண்ட் ஹிஸ் வைஃப் லிட் த கில்ன்': ஆள் இருவர், எழுவாய் இரண்டு, அண்டுக்கு முன் காற்புள்ளி.

அந்தக் காற்புள்ளியில்தான் தமிழ் மாணவர் வழுக்குகிறார். விருத்தாசலத்தில் செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டயப் படிப்பு உண்டு. அப்படியொரு படிப்பின் ரெக்கார்டு நோட்டை ஆங்கிலத்தில் எழுதும் மாணவர், 'த கப் வாஸ் டிரைடு, இட் வாஸ் ஃபயர்டு' என்று எழுதக்கூடும். தமிழில் 'உலர்த்தி' என்பதற்குப் பின் நாம் இடும் காற்புள்ளி வெறும் மூச்சுவிடும் இடம். இணைப்பை 'இ' என்னும் விகுதி முன்பே செய்து முடித்துவிட்டது. இங்கே வரும் ஆங்கில முற்றுவினையில் அப்படியொரு விகுதி இல்லை. ஆகவே காற்புள்ளி மட்டும் நின்றால் இரண்டு வாக்கியங்களும் பிணைப்பின்றிக் கிடக்கும். அண்ட் சேர்க்க வேண்டும், அல்லது முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டும். ஐயமிருந்தால் முற்றுப்புள்ளியே நல்லது என்பது என் கட்சி.

அந்த ஏழில் நார் மட்டும் கொஞ்சம் முரடு. அது வாக்கியங்களை இணைக்க வந்தால் துணைவினை எழுவாய்க்கு முன்னே தாவும்: 'ஹி டிட் நாட் கிளேஸ் த கப், நார் டிட் ஹி ஃபயர் இட்'. தமிழில் 'பூசவும் இல்லை, சுடவும் இல்லை' என்றால் முடிந்தது.

கடைசியாக, வரிசை. 'சுட்டுப் பூசினார்' என்பதும் 'பூசிச் சுட்டார்' என்பதும் பீங்கான் தொழிலில் இரு வேறு முறைகள். கிண்ணம், தட்டு போன்றவற்றை ஒருமுறை சுட்டு, கிளேஸ் பூசி, மறுபடி சுடுவது வழக்கம்; மின்கம்பத்து இன்சுலேட்டரையோ பெரும்பாலும் உலர்ந்த நிலையிலேயே பூசி ஒரே சூட்டில் முடிப்பார்கள். எது முன், எது பின் என்பதை நம் எச்சம் தன் உருவிலேயே சொல்லிவிடும். அண்ட் சொல்லாது; படிப்பவர்தான் சொல்வரிசையை வைத்து ஊகிக்க வேண்டும். எனவே செய்முறை எழுதும்போது 'அண்ட் தென்' என்று எழுதுவது பாதுகாப்பு. 'தென்' தனித்து வந்தால் அது வினையுரிச்சொல்தான், ஏழில் ஒன்றன்று. காற்புள்ளிக்குப் பின் அதை மட்டும் வைத்தால் முன்சொன்ன பிழையே திரும்ப வரும்.