சொல்லப்படுகிறது

எதைக் கொண்டு ஒன்றை அறிந்துவிட்டதாகச் சொல்லலாம்? காண்டல், கருதல், உரை என்று மூன்று அளவைகளைச் சொல்கிறது சைவ சித்தாந்தம். கணினிச் சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளை எழுதுகிறவர்களையும் இந்தக் கேள்வி விடுவதில்லை.

ரியல்டெக்கின் ஆர்டிஎல்8366ஆர்பி என்ற நெட்வொர்க் ஸ்விட்ச் சிப்புக்கான டிரைவர் 2018இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. டி-லிங்க் டிஐஆர்-685 ரவுட்டரில் இருப்பது இந்தச் சிப்தான். கேபிளைச் செருகியதும் விளக்கு எரிந்தால் அது காண்டல். சிப்பின் ஒரு ரெஜிஸ்டரை மாற்றியதும் பாக்கெட் நின்றுபோனால், அந்த ரெஜிஸ்டர் எதற்கானது என்று ஊகிக்கலாம், அது கருதல்.

டிரைவரில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பகுதிக்கு வந்தால் இரண்டும் கைவிடுகின்றன; மிஞ்சுவது உரை, அதாவது பிறர் சொல். அங்கே ஹெக்ஸ் எண்கள், முகவரியும் மதிப்புமாக, ஜோடி ஜோடியாக நிற்கின்றன. ஏன் அந்த எண்? விளக்கம் இல்லை. இந்த மின்சிக்கன ஏற்பாடு கேபிளின் நீளத்தைக் கண்டறிவதாகச் 'சொல்லப்படுகிறது' என்றுதான் டிரைவரில் குறிப்பு இருக்கிறது.

அந்த ஒரு சொல்லில் நேர்மை இருக்கிறது. தயாரித்தவர் சொன்னதை ஏற்பது குருட்டு நம்பிக்கை ஆகாது. கேட்டதைக் கண்டதாக எழுதுவதுதான் பிழை. உரையை உரை என்றே பதிந்தால், பின்னால் வருகிறவருக்குச் சோதிக்க வழி திறந்திருக்கும்.

கேபிளைக் கழற்றிய 10 விநாடியில் போர்ட் மின்சிக்கன நிலைக்குப் போக வேண்டும் என்றும் அதே குறிப்பில் உள்ளது. மின்னளவியும் கடிகாரமும் கையில் உள்ள எவரும் அதைச் சோதித்துப் பார்க்கலாம்.