உருளியின் காதில் ஒரு நெளிசல்

பாறசாலைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டிய ஒரு வீட்டில் பதினாறாம் நாள் அடியந்திரம். சாப்பாடு முடிந்து திண்ணையில் பேச்சு பழைய பாகம் வைப்புக்குப் போனது. யாருக்கு எந்த விளை, யாருக்கு எத்தனை தென்னை என்று சுற்றி, கடைசியில் ஒரு வெண்கல உருளியில் வந்து நின்றது.

"அதுக்க காதுகிட்ட ஒரு சளுக்கு உண்டு, இடது பக்கம். எனக்கு நல்ல ஓர்மை உண்டு" என்றார் மாமி.

"சளுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தானே சுமந்து கொண்டு வந்தேன்" என்றார் அவருடைய அண்ணன்.

உருளி எப்போதோ பழைய பாத்திரக்காரனுக்குப் போய்விட்டது. பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. "அண்ணன் ஏகசந்தாக்கிராகியாக்கும், தப்பாது" என்றார் பக்கத்தில் இருந்த பெரியவர். மாமியைப் பற்றி அவர் சொன்னது வேறு: "அவ ஒண்ணையும் மறக்கமாட்டா." முதல் வாக்கியத்தில் இருந்த மரியாதை இரண்டாவதில் இல்லை. சலிப்புதான் இருந்தது.

மாமி சளுக்கு என்று சொன்ன அந்த நெளிசல் அன்றிலிருந்து என்னை விடவில்லை. இருந்ததா இல்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. இரண்டு பேருமே அப்படியே ஞாபகம் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். ஒருவருக்குப் பட்டம் கிடைத்தது, மற்றவருக்குக் குறை கிடைத்தது.

ஒருமுறை கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்கிறவரை ஏகசந்தாக்கிராகி என்பார்கள். எங்கள் பக்கம் தமிழ் பேசுகிறவர்களும் மலையாளம் பேசுகிறவர்களும் பங்கிட்டுக்கொண்ட சொல் அது. வக்கீலைச் சொல்வார்கள், வில்லுப்பாட்டுப் புலவரைச் சொல்வார்கள், பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வரும் பையனைச் சொல்வார்கள். அடுக்களையில் நிற்கும் ஒருத்தியைச் சொல்லி நான் கேட்டதில்லை. எந்தக் கல்யாணத்துக்கு யார் என்ன செய்தார்கள், எந்தப் பிள்ளைக்கு எந்த மாதம் அம்மை போட்டது என்று ஒரு குடும்பத்தின் கணக்கு முழுவதும் இருப்பது அங்கேதான். ஆனால் அதற்குப் பெயர் 'மனசுல வச்சிருக்கா' என்பது.

என் பள்ளிக்கூடம் மலையாளம், வீடு தமிழ். வகுப்பில் ஒரு பையன் கேரளத்தின் 44 ஆறுகளையும் வடக்கே மஞ்சேஸ்வரம் ஆற்றில் தொடங்கி நெய்யாறு வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்வான். திருப்பிக் கேட்டால் நெய்யாற்றிலிருந்து வடக்கே போவான். சார் அவனை ஏகசந்தாக்கிராகி என்று அழைத்தபோது எங்களுக்கெல்லாம் வயிறு எரிந்தது. அவன் குடையைத் தினமும் மறந்து வைத்துவிட்டுப் போகிறவன். வீட்டில் பாட்டியிடம் அவன் பெருமையைச் சொன்னேன். பாட்டி அரைத்த கையை நிறுத்தாமல் கேட்டாள்: "மக்களே, அவன் நெய்யாற்றுல எறங்கிக் குளிச்சிட்டுண்டா?"

மனப்பாடத்தை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. இங்கிருந்து நாகர்கோவில் போனால் இடலாக்குடி. அந்த ஊர்க்காரர் செய்குத்தம்பிப் பாவலர் 1907 மார்ச் 10ஆம் தேதி சென்னை விக்டோரியா அரங்கில் சதாவதானம் செய்து காட்டினார். அவர் ஊரும் எங்கள் ஊரும் அப்போது ஒரே திருவிதாங்கூர். பல காரியங்களை ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கிற அந்த அவதானத்தில் ஒருவர் ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குப் போடச் சொல்வார், ஒருவர் முதுகில் கல்லோ பூவோ எறிந்துகொண்டிருப்பார், எங்கோ மணி அடிக்கும். எல்லாவற்றுக்கும் முடிவில் பதில் வர வேண்டும். ஆனால் அங்கே கல் எறிகிறவரிடமும் ஒரு எண்ணிக்கை இருக்கிறது, மணி அடிக்கிறவரிடமும் இருக்கிறது. பாவலரின் ஞாபகத்தைச் சபை சும்மா நம்பவில்லை, சரிபார்த்தது.

புதுக்கடைப் பக்கம் பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் 95 சட்டர்களுக்கு, அதாவது வேதம் படிக்கும் மாணவர்களுக்கு, ஒரு கல்விச்சாலை அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. வேதம் ஓதுகிற மரபு சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னிப் பின்னிச் சொல்லும், ஜடை, கனம் என்று. ஒரு சொல் நழுவினால் அடுத்த சுற்றில் காட்டிக்கொடுத்துவிடும். ஞாபகத்தை வைத்தே பிழைத்தவர்கள் ஒற்றை ஆளின் ஞாபகத்தை நம்பவில்லை. திண்ணையில் இருந்த நாங்கள்தான் நம்பினோம், அதுவும் ஆளைப் பார்த்து.

எப்போதோ படித்த ஒரு புத்தகம், பாதிதான் மனதில் நிற்கிறது. ரஷ்ய உளவியலாளர் லூரியா, ஷெரெஷெவ்ஸ்கி என்கிற பத்திரிகைக்காரரைப் பல வருடம் ஆராய்ந்து எழுதியது. அந்த மனிதரால் எதையும் மறக்க முடியவில்லை. மறப்பதற்காகத் தாளில் எழுதி எரித்துப் பார்த்தார், சாம்பலிலும் எழுத்து தெரிந்தது. ஆனால் மனித முகங்களை அடையாளம் வைத்துக்கொள்ள அவர் திணறினார். முகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறதே என்பது அவர் புகார். மறதி இல்லாதவருக்கு மனிதர்கள் பிடிபடவில்லை.

இதெல்லாம் யோசித்த பிறகுதான் அன்று யாரும் சொல்லாத ஒன்று உறைத்தது. அந்த உருளி மாமியின் பங்குக்கு வந்தது. அண்ணன் சுமந்து வந்து கொடுத்தார். நெளிசல் இருந்திருந்தால் தங்கைக்கு ஒதுங்கியது பழுதான பாத்திரம், இல்லையென்றால் பங்கு நேர்மையானது. இடது காது என்று மாமி பக்கம்கூடச் சொன்னதும், அண்ணன் அவ்வளவு வேகமாக மறுத்ததும் இதனால் இருக்கலாம். பழைய பாத்திரக்காரனிடம் போன பொருளின் மேல் வருடக்கணக்கில் ஒரு மனத்தாங்கல் நெளிசலைப் போட்டிருக்கலாம். ஒரு நிம்மதி அதைத் தட்டி நேராக்கியும் இருக்கலாம்.

அப்படியென்றால் பெரியவரின் சலிப்பில் ஏதோ நியாயம் இருந்ததா? இங்கேதான் நான் தடுமாறுகிறேன். கேட்பவருக்குச் செலவு வைக்காத ஞாபகத்துக்குத்தான் நாம் பட்டம் கொடுக்கிறோம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 44 ஆறுகளால் யாருக்கும் கடன் இல்லை, ஒரு நெளிசலால் உண்டு. ஆனால் கடனைச் சொல்லுகிற ஞாபகம் என்பதாலேயே அது சரியாகிவிடுமா என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

புகழாமலும் குறை சொல்லாமலும் மாமியின் ஞாபகத்துக்கு வைக்க ஒரு பெயர் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டுத் தமிழிலும் பள்ளிக்கூட மலையாளத்திலும் எனக்கு அகப்படவில்லை. உங்கள் ஊரில் இருந்தால் சொல்லுங்கள், எழுதி வைத்துக்கொள்கிறேன்.