ஒரே மாதிரி இரண்டு சிலம்புகள்

கோடிங் போட்டிகளில் காப்பியடிப்பவர்களைப் பிடிக்கும் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அதன்மேல் மரியாதை வரும். கூடவே கொஞ்சம் பயமும் வரும்.

"மச்சி, மூணாவது ப்ராப்ளம் மட்டும் அனுப்புடா" என்று நண்பனிடம் வாங்கி, வேரியபிள் பெயர்களை மாற்றி, நடுவில் நாலு வெற்று வரி சேர்த்து சப்மிட் செய்வது பழைய வழி. அலெக்ஸ் ஐகென் 1994இல் உருவாக்கிய 'மாஸ்' இதற்கெல்லாம் ஏமாறாது. அதன் அடிப்படையான 'வின்னோயிங்' முறை 2003இல் கட்டுரையாக வெளிவந்தது. அந்தச் சொல்லுக்குத் தூற்றுதல் என்று பொருள். பெயர்களையும் இடைவெளிகளையும் பதராக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றையும் ஓர் எண்ணாக்கி, அவற்றில் சிலவற்றை மட்டும் அந்த நிரலின் கைரேகையாக எடுத்துவைக்கும்.

ஆனால் மாஸ் சொல்வது ஒன்றைத்தான்: இந்த இரண்டும் ஒத்துப்போகின்றன. யார் யாரைப் பார்த்து எழுதினார், பார்த்துத்தான் எழுதினாரா என்பது அதற்குத் தெரியாது. மனிதர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அதை உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். ஒரு போட்டியில் 20,000 பேர் என்றால், இரண்டிரண்டாக ஒப்பிட ஏறத்தாழ 20 கோடி ஜோடிகள். பத்து லட்சத்தில் ஒரு ஜோடி மட்டுமே தற்செயலாக ஒத்துப்போகும் என்று வைத்துக்கொண்டாலும் 200 ஜோடிகள் மாட்டும். எளிய ப்ராப்ளத்துக்கு விடையே பத்து வரிதான், அதை எத்தனை விதமாக எழுதிவிட முடியும்? தவிர, போட்டிக்கு முன்பே பொதுவில் வெளியான நிரலை எடுத்துப் பயன்படுத்த கோட்ஃபோர்சஸ் விதிகளே இடம் தருகின்றன. ஒரே இடத்தில் படித்த இரண்டு பேரின் கைரேகையும் ஒத்துப்போகத்தான் செய்யும்.

இந்தக் கதை நமக்குப் புதிதில்லை. கோவலன் கையில் இருந்த சிலம்பு அரசியின் சிலம்பைப் போலவே இருந்தது. அதுவே சாட்சி, அதுவே தீர்ப்பு. உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டபோது அவன் உயிரோடு இல்லை.

ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது என்று சினிமா நீதிமன்றங்களில் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இங்கே அதை அப்படியே சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. தரவரிசையில் காப்பியடித்தவன் ஒரு படி ஏறினால், ராத்திரி கண்விழித்து நேர்மையாக எழுதிய ஒருத்தி ஒரு படி இறங்குகிறாள். வேலைக்கான ரெஸ்யூமேயில் ரேட்டிங் எழுதும் காலத்தில் அது வெறும் எண் இல்லை. தப்பவிடுவதும் யாரோ ஒரு நிரபராதிக்குத் தரும் தண்டனைதான்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் சிக்கல் இன்னும் ஆழமாகிவிட்டது. 2024இல் கோட்ஃபோர்சஸ் அதன் பயன்பாட்டுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் இயந்திரம் புதிதாக எழுதித் தந்ததை எந்த மூலத்தோடு ஒப்பிடுவது? ஒப்பிட நிரல் இல்லாதபோது பார்வை ஆளின் பக்கம் திரும்புகிறது. "இவன் எப்படி திடீர்னு இவ்வளவு நல்லா போடறான்?" கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அது யாரிடம் கேட்கப்படுகிறது என்று பாருங்கள். பெரிய கல்லூரிப் பெயர் இல்லாதவனிடம், ஆறு மாதம் தனியாக உட்கார்ந்து பயின்றுவிட்டு வந்தவளிடம். கோவலன்மீதும் பழி சுலபமாக ஒட்டிக்கொண்டதற்கு அவன் வெளியூர்க்காரன் என்பதும் ஒரு காரணம். நடந்து களைத்து வந்தவனிடம் இவ்வளவு விலையுயர்ந்த பொருளா?

அதனால் நான் கேட்பது இரண்டே விஷயம். ஒற்றுமை விசாரணைக்குக் காரணமாகலாம், தீர்ப்புக்குக் காரணமாகக் கூடாது. விசாரிக்கும்போது ஆதாரத்தை அவரிடம் காட்டி, "இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்க வேண்டும். தானே எழுதியவரால் பெரும்பாலும் சொல்ல முடியும். பதற்றத்தில் தடுமாறினால் இன்னொரு வாய்ப்பும் தர வேண்டும். இதற்கு நேரமும் ஆட்களும் தேவை. அப்படியும் சில திருடர்கள் தப்புவார்கள். அந்த விலையை நேர்மையானவர்களும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும், எனக்கும் அதில் வருத்தம்தான். ஆனாலும் சிலம்பை உடைத்துப் பார்க்கும் வேலையைத் தீர்ப்புக்கு முன்பே செய்துவிட வேண்டும்.