எதிர்த் தரப்பில் நின்று பேசுவது

சட்டம் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு. “மனசுக்குப் பிடிக்காததைக்கூடப் பிடித்தமாதிரி பேசச் சொல்லிக் கொடுக்கிறீர்களே சார், அது பிள்ளையின் மனசாட்சியைக் கெடுத்துவிடாதா?” மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்கு மாணவர்களைத் தயார்படுத்துகிறவன் நான். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. லாயர் என்றாலே பொய் பேசுகிறவர் என்ற எண்ணம் பிரிக்பீல்ட்ஸிலும் உண்டு, கிள்ளானிலும் உண்டு. அந்த எண்ணத்துக்குள் பெற்றோரின் உண்மையான கவலையும் இருக்கிறது.

இத்தகைய போட்டிகளில் பெயர்பெற்றது 1960-இல் ஹார்வர்டில் தொடங்கிய ஜெசப் போட்டி. மலேசியப் பல்கலைக்கழகங்கள் தேசியச் சுற்றில் மோதும். அதில் தேறியவர்கள் அனைத்துலகச் சுற்றுக்கு வாஷிங்டன் போவார்கள். இரண்டு கற்பனை நாடுகள் தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் வழக்காடுவதாகப் பாவனை. ஒவ்வொரு குழுவும் இரு நாடுகளுக்காகவும் எழுத்து வாதம் தயாரிக்க வேண்டும். இன்று வழக்குத் தொடுத்த நாட்டுக்காக நின்ற குழு, நாளை எதிர்வாதி நாட்டுக்காக நிற்க வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கவும் முடியாது. இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நடுவர் குறுக்கிட்டு, வாதத்தின் பலவீனமான இடமாகப் பார்த்துக் கேள்வி கேட்பார்.

நாடுகள் கற்பனையானாலும் சட்டம் கற்பனையல்ல. ஒரு நிலம் யாருக்குச் சொந்தம் என்று பேச வேண்டி வந்தால், மலேசியா சம்பந்தப்பட்ட இரண்டு தீர்ப்புகளை என் மாணவர்கள் படித்தே ஆக வேண்டும். 2002 டிசம்பரில், இந்தோனேசியாவும் உரிமை கோரிய சிப்பாடான், லிகித்தான் தீவுகள் நமக்கே என்று 16-க்கு 1 என்ற வாக்கில் அனைத்துலக நீதிமன்றம் சொன்னது. பெரிய ஒப்பந்தம் எதுவும் நமக்குக் கைகொடுக்கவில்லை. ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்த வட போர்னியோவில் 1917-இல் வந்த சட்டம், சிப்பாடானைப் பறவைச் சரணாலயமாக்கிய 1933-ஆம் ஆண்டு அறிவிப்பு, 1960களில் எழுந்த கலங்கரை விளக்கங்கள் என்று சின்னச் சின்ன நிர்வாகச் செயல்களே கைகொடுத்தன. அவை நடந்தபோது இந்தோனேசியத் தரப்பிலிருந்து ஆட்சேபம் எழவில்லை என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள்.

2008 மே மாதம், அதே நீதிமன்றம் பத்து பூத்தே பாறைத்தீவை 12-க்கு 4 என்ற வாக்கில் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. ஆதியில் அது ஜொகூருக்கு உரியது என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால், அந்தப் பாறைக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று 1953-இல் அதன் தற்காலிக அரசுச் செயலாளர் எழுதிய கடிதம் குறுக்கே வந்தது. அதற்குப் பிறகு சிங்கப்பூர் அங்கே ஆட்சியாளராக நடந்துகொண்டபோது நம் தரப்பு பேசாமல் இருந்ததும் சேர்ந்துகொண்டது.

நமக்குத் தீவுகளைக் கொடுத்த நியாயமும் பாறையை எடுத்துக்கொண்ட நியாயமும் ஏறக்குறைய ஒன்றுதான். யார் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொண்டார், யார் பேசாமல் இருந்தார் என்பதையே இரண்டு தடவையும் கேட்டார்கள். சிங்கப்பூருக்காகப் பேசச் சொன்னால் மாணவர்கள் முதலில் தயங்குவார்கள். சிலருக்கு முகம்கூட வாடும். இரண்டு தீர்ப்புகளையும் அருகருகே வைத்துப் படித்த பிறகு அந்தத் தயக்கம் வேறொன்றாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். சிப்பாடானில் நாம் கொண்டாடிய நியாயத்தை பத்து பூத்தேயில் மறுக்க முடியுமா என்று தங்களையே கேட்கத் தொடங்குகிறார்கள். தனக்குச் சாதகமாக இருக்கும்போது மட்டும் பிடித்துக்கொள்வது கொள்கை ஆகாது என்பதை, எதிர்த் தரப்பில் நின்று பேசியவர் எளிதில் மறக்கமாட்டார்.

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரமே சாட்சி. பொற்கொல்லன் சொன்னதைக் கேட்ட பாண்டியன், கோவலன் தரப்பைக் கேட்கவில்லை. கண்ணகி வந்து வழக்குரைத்தபோது காலம் கடந்துவிட்டது.

நம் காலத்திலும் ஒரு தாய் வழக்குரைத்தார். ஈப்போவைச் சேர்ந்த பாலர்பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை, அவருக்குத் தெரியாமல் 2009-இல் கணவர் மதம் மாற்றினார். ஷரியா நீதிமன்ற விவகாரத்தில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்பது எதிர்த் தரப்பு வாதம். 1988-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 121(1ஏ) பிரிவு அதற்குப் பலமாக நின்றது. அந்த வாதத்தை அதன் முழுப் பலத்தோடு புரிந்துகொண்டால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். கோபம் மட்டும் போதாது. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த மதமாற்றம் செல்லாது என்றது.

ஆனால் தீர்ப்பு வந்த அன்றும் கடைசி மகள் தாயிடம் இல்லை. பெற்றோரின் கவலை நியாயமாவது இந்த இடத்தில்தான். மாதிரி நீதிமன்றத்தில் இப்படி ஒரு தாய் வெளியே காத்திருப்பதில்லை. அங்கே தோற்றால் புள்ளிதான் போகும். இரு பக்கமும் பேசப் பழகி, எந்தப் பக்கத்தையும் மனதார நம்பாமல் போகிற ஆபத்து உண்மையானது. அதனால் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் மாணவர்களிடம் கேட்கிறேன்: “நீயே நீதிபதி என்றால் என்ன தீர்ப்புச் சொல்வாய்? அந்தத் தீர்ப்பால் யாருக்கு வலிக்கும்?” இதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனாலும் பதில் சொல்லாமல் யாரும் எழுந்து போகக்கூடாது. இரண்டு பக்கமும் நின்று பார்த்த பிறகு ஒரு பக்கம் வந்து சேர்வதைத்தான் நான் நம்பிக்கை என்பேன். பிறந்த வீட்டிலும் பழகிய கூட்டத்திலும் கேட்டதையே திருப்பிச் சொல்வது அதற்கு ஈடாகாது.

இது சட்ட மாணவர்களுக்கு மட்டும் உரிய பயிற்சியும் அல்ல. கோயில் நிர்வாகத்தில் சண்டை, அப்பா விட்டுப்போன வீட்டில் பங்குத் தகராறு, மகளின் கல்யாணத்தில் மனத்தாங்கல் என்று நம் குடும்பங்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருக்கின்றன. கூட்டம் கூடும்போது ஒருவராவது எழுந்து, “அண்ணன் தரப்பை நான் சொல்கிறேன், சரியா என்று அண்ணனே சொல்லட்டும்” என்று தொடங்கிப் பார்க்கலாம். அண்ணன் தலையாட்டும் அளவுக்கு அதைச் சொல்ல முடிந்தவருக்கே, அதன் பிறகு அண்ணனை மறுத்துப் பேசும் தகுதி உண்டு. பிள்ளைகளின் மனசாட்சியை இந்தப் பயிற்சி கெடுக்காது. பெரியவர்களான நாமும் அவர்களிடமிருந்து இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே பெற்றோருக்கு நான் சொல்லும் பதில்.