கைதட்டியவனின் கடன்

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்லூரியில் படிக்கிறவன். ஓர் இரவு சாப்பாடு முடிந்ததும், “மாமா, இப்படி வந்து உட்காருங்க. உங்களுக்கு ஒரு யுத்தம் காட்டறேன்” என்று தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் என்னை உட்கார வைத்தான்.

தென்கொரியாவின் தலைநகரான சியோலில் 2023 நவம்பரில் நடந்த ஒரு பந்தயத்தின் பதிவு அது. ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ என்ற வீடியோ விளையாட்டின் உலகப் போட்டி, இறுதி ஆட்டம். மேடையில் ஐந்து இளைஞர்கள் ஒரு பக்கம், ஐந்து இளைஞர்கள் மறுபக்கம். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு திரை. எதிரே அரங்கம் நிறைந்த கூட்டம். திரையில் நடந்த போர் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் அந்த முகங்கள் புரிந்தன. மனித முகங்களைப் பார்த்துக் கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். பரீட்சை மண்டபத்திலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும்தான் அத்தகைய முகங்களை அதுவரை கண்டிருக்கிறேன்.

கொரிய அணி வென்றது. லீ சாங்-ஹியோக் என்பவர் புன்னகையோடு எழுந்து நின்றார். ‘ஃபேக்கர்’ என்றால்தான் உலகம் அவரை அறியும். என்னை அறியாமல் நானும் கைதட்டினேன்.

“அந்த வருஷம் கைவலியால இவர் சில வாரம் ஆடவே இல்லை, மாமா. இவரோட காலத்திலேயே ஆட வந்தவர் ஒருத்தர் சீனாவிலே இருந்தார். அவர் 23 வயசிலேயே ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டார்.”

தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. ஓய்வு என்ற சொல் நம் வீடுகளில் அறுபது வயதை ஒட்டி, கழுத்தில் மாலையோடு ஆபீஸிலிருந்து வந்து சேருகிற சொல். அதை 23 வயதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சீன இளைஞரின் பெயர் ஜியான் ஸிஹாவ். ‘ஊஸி’ என்பது அவருடைய ஆட்டப் பெயர். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழாவில் இந்த ஆட்டம் காட்சிப் போட்டியாக இடம்பெற்றபோது, ஃபேக்கர் இருந்த கொரிய அணியை வென்ற சீன அணியில் அவர் இருந்தார். 2020 ஜூன் மாதத்தில் அவர் விடைபெற்றுக்கொண்டார். பல ஆண்டு மன அழுத்தம், நேரம் தவறிய சாப்பாடு, கண்விழிப்பு, உடல் பருமன் இவற்றால் தமக்கு நீரிழிவு நோய் வந்துவிட்டது என்று அவரே அறிவித்தார். கையிலும் தோளிலும் வலி வேறு. பிற்பாடு 2022-இல் மீண்டும் ஆட வந்தார். பழைய உச்சத்தை அவர் தொடவில்லை.

உட்கார்ந்து விளையாடுகிறவனுக்கு உடம்பில் என்ன கேடு வந்துவிடப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். தேர்ந்த ஆட்டக்காரன் சில ஆட்டங்களில் ஒரு நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் விசைகளைத் தட்டுகிறான். நம் மணிக்கட்டில் ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல்களை இயக்கும் ஒன்பது நார்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. ஓயாமல் உராய்ந்தால் நார்கள் வீங்குகின்றன. வீங்கினால் நரம்பு நசுங்குகிறது. முதலில் விரல் மரக்கிறது. பிறகு பிடிப்பே போய்விடுகிறது. அந்த நார்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. ஆகவே காயம் மெல்லத்தான் ஆறும். ஓய்வு ஒன்றே முதல் மருந்து. பந்தயக்காரனிடம் இல்லாத மருந்தும் அது ஒன்றுதான்.

இதை எழுதும்போது எனக்கு என் பழைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. ஒரு பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். வாரந்தோறும் அத்தியாயம் போய்ச் சேர வேண்டும். காய்ச்சலோடு எழுதினேன்; தோள்பட்டை இற்று விழுகிற வலியோடு எழுதினேன். அந்த அத்தியாயங்கள்தான் உயிரோட்டமாக இருந்தன என்று வாசகர்கள் பாராட்டினார்கள். ஒரே ஒரு வாரம் என்னால் முடியவில்லை. ‘ஆசிரியருக்கு உடல் நலமில்லை’ என்று பத்திரிகையில் போட்டார்கள். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோபக் கடிதங்கள். கதாநாயகிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்களை நான் குறை சொல்லவில்லை. இன்னொருவர் தொடர்கதை நின்றபோது நானும் அப்படித்தான் சலித்துக்கொண்டேன்.

ஆகவே இந்தக் கேள்வி எனக்கு அந்நியமானதல்ல. நம்முடைய இன்பத்துக்காக ஒருவன் மனம் விரும்பித் தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டால், அதில் நமக்குப் பொறுப்பு உண்டா?

‘அவன்தானே சம்மதித்தான்? பணமும் புகழும் அவனுக்குத்தானே?’ என்று ஒரு பதில் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சம்மதிக்கிறவனின் வயது என்ன? இந்த ஆட்டத்தில் பலர் பதினாறு, பதினேழு வயதிலேயே களத்தில் இறங்குகிறார்கள். அந்த வயதில் நாற்பது வயது என்பது வேறு யாருக்கோ வரப்போகிற ஒன்று. தனக்கு இன்னும் அறிமுகமே ஆகாத ஒரு மனிதனின் கையையும் கண்ணையும் தூக்கத்தையும் அடகு வைக்கிறான் அந்தப் பையன். நாற்பது வயதில் கடனை அடைக்கப் போகிற அந்த மனிதனை யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இன்னொரு பதில் இதைவிடக் கூர்மையானது. ‘மூட்டை தூக்குகிறவன் முதுகு ஒடிகிறதே, அவனுக்காக வருந்தாமல், லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கிற பிள்ளைக்காக வருந்துகிறாயே!’ உண்மைதான். ஆனால் அந்த மூட்டைக்காக உலகம் கொஞ்சமாவது கவலைப்பட்டது. ஒருவன் தூக்கும் சுமை அவன் உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1967-இலேயே ஓர் ஒப்பந்தம் வகுத்தது. ‘அவன் சம்மதித்துத்தானே தூக்கினான்’ என்று அது சொல்லவில்லை. ஒருவன் பாதுகாப்பு இன்னொருவனுடைய பாதுகாப்பைக் குறைத்துவிடாது.

அப்படியானால் தடுத்துவிடலாமா? தடுத்தும் பார்த்தார்கள். தென்கொரியாவில் 2011-இல் ஒரு சட்டம் வந்தது. பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணையத்தில் விளையாடக் கூடாது. அடுத்த ஆண்டே ஒரு வேடிக்கை நடந்தது. வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த பதினைந்து வயதுக் கொரியப் பையனை நள்ளிரவுச் சட்டம் வந்து மறித்தது. அவன் பெற்றோர் பெயரில் நுழைந்து ஆட்டத்தைத் தொடர்ந்தான். பத்து ஆண்டுக்குப் பிறகு அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். சீனாவோ 2021-இல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை ஒரு மணி நேரம்தான் என்று விதித்தது. வீட்டுப் பிள்ளைகளைக் காப்பது இச்சட்டங்களின் நோக்கம். மேடையேறிவிட்ட பிள்ளை அதற்குப் பிறகு எத்தனை மணி உழைக்கலாம், எப்போது தூங்கலாம் என்பதைப் பற்றி அவை பேசவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனமும் ஒரு நோயாக இடம்பெற்றது. மணிக்கணக்கு அதற்கு அளவுகோல் அல்ல. ஆட்டம் கட்டுக்கு மீறிப் போக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ள வேண்டும். கேடு விளைந்த பிறகும் நிறுத்தாமல் தொடர வேண்டும். வாழ்க்கையே அதனால் குலைய வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு ஒரு சங்கடம் உண்டாயிற்று. மற்ற எல்லாம் பின்னால் போவதும், கேடு வந்தும் விடாமல் தொடர்வதும் வெற்றி பெற்றவனிடத்திலும் உண்டு. தன் வீட்டு அறைக்குள் இருந்தால் நோயாளி என்கிறோம். மேடையில் இருந்தால் தவசி என்கிறோம். அவன் மணிக்கட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

‘வலிக்கிறவன் ஓய்வு எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே’ என்று புத்தி சொல்வது சுலபம். முடிச்சு அங்கேதான் இருக்கிறது. போட்டி என்றால் என்ன? நான் தூங்கும்போது என் எதிரி பயிற்சி செய்கிறான் என்ற பயம். தனியாக ஓய்வு எடுப்பவன் தோற்றுப் போகிறான். ஆகவே ஒருவனும் ஓய்வு எடுப்பதில்லை. 2015-இல் ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ ஆட்டக்காரர் ஒருவர், கவனத்தைக் கூர்மையாக்கும் மாத்திரையைத் தாங்கள் போட்டுக்கொண்டு ஆடியதாக வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகு இ.எஸ்.எல். என்ற போட்டி அமைப்பு போதைமருந்துச் சோதனையைத் தொடங்கிற்று. ஒருவன் போட்டுக்கொண்டால் மற்றவனும் போட்டுக்கொள்ளத் தூண்டப்படுகிறான். கண்விழிப்பும் அதைப் போன்றதே. அந்த மாத்திரையை மட்டும் யாரும் சோதிப்பதில்லை.

இதற்கு வழி காட்டியது, முரட்டு விளையாட்டு என்று நாம் முகம் சுளிக்கிற குத்துச்சண்டை. 1982 நவம்பரில், அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில், கிம் டுக்-கூ என்ற கொரிய இளைஞர் பதினான்காவது சுற்றில் விழுந்தார். சில நாட்களில் இறந்து போனார். அவருடைய மனவுறுதியை யாரும் குறை சொல்ல முடியாது. அந்த உறுதியே அவருக்கு எமனாயிற்று. பதினைந்து சுற்றாக இருந்த பட்டப் போட்டியை, உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 1983 முதல் பன்னிரண்டாகக் குறைத்தது. கவனியுங்கள்: ‘களைத்தவன் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்’ என்று அது சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எவன் நிறுத்துவான்? இருவருக்கும் ஒரே விதி என்றது. ஓய்வு எடுப்பவனுக்குத் தோல்வி இல்லை என்று ஆகிவிட்டது. தனிமனிதனுடைய நல்ல புத்தியை நம்பி விடக்கூடாத சில காரியங்கள் உண்டு. அவற்றை எல்லோருக்கும் பொதுவான விதியாக்கினால்தான் நல்ல புத்தி பிழைக்கும்.

உடம்புக்குச் சொன்னது மனத்துக்கும் பொருந்தும். டென்மார்க்கைச் சேர்ந்த ‘அஸ்ட்ராலிஸ்’ அணி மனநல நிபுணர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு முன்னேறிய அணி. 2017-க்கும் 2019-க்கும் இடையே ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’ ஆட்டத்தின் மிகப் பெரிய போட்டியை நான்கு முறை வென்றது. அந்த அணியிலேயே 2020-இல் இருவர், மனச்சோர்வு தாங்காமல் அடுத்தடுத்து விடுப்பில் போனார்கள். அதற்குச் சற்று முன்புதான், ஐந்து பேர் ஆடும் ஆட்டத்துக்கு அணி ஆறாவது ஏழாவது ஆட்களைச் சேர்த்திருந்தது, மாறி மாறி ஓய்வு கொடுப்பதற்காக. நமக்குப் பழகிய ஐந்து பேரைப் பிரிக்கிறார்களே என்று ரசிகர்களில் பலர் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பைப் படித்தபோது, எனக்கு வந்த பழைய கோபக் கடிதங்கள் ஞாபகத்துக்கு வந்தன. நிபுணரை வைத்துவிட்டால் மட்டும் போதாது. ஆட்டக்காரன் இல்லாத நாளைப் பார்க்கிறவர்களும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பொறுத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2023 ஜூலையில் ஃபேக்கர் கைவலியால் விலகியபோது அவருக்கு வயது 27. அவர் இல்லாத வாரங்களில் அணி தோல்விமேல் தோல்வி கண்டது. அவர் ஓய்வு எடுத்துக்கொண்டு, ஆகஸ்டில் திரும்பினார். நவம்பரில் உலகக் கோப்பை. 2024-லும் 2025-லும் மீண்டும் கோப்பை. ஊஸியும் அவரும் ஏறக்குறைய ஒரே வயதினர். இருவர் வாழ்க்கைக்கும் ஓய்வு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மனிதர்களுடைய கதை அவ்வளவு சுலபமாக எழுதப்படுவதில்லை. ஆனாலும், சில வாரத் தோல்வியைத் தாங்கிக்கொண்ட அணிக்குப் பல ஆண்டு வெற்றி கிடைத்தது என்பது கண்ணெதிரே நடந்த உண்மை.

ஆட்டத்தை நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பந்தயங்களுக்கு நடுவே கட்டாய ஓய்வு நாட்கள். ஒவ்வோர் அணிக்கும் மாற்று ஆள். வலியைச் சொன்னவனுக்கு இடம் போகாது என்ற உறுதி. அணி முதலாளிக்குக் கட்டுப்படாத டாக்டர். சிறுவர்களுக்குப் பயிற்சி நேர வரம்பு. எல்லா அணிக்கும் ஒரே சமயத்தில் இவை விதியாக வேண்டும்.

ஆனால் அந்த விதியைச் செய்ய வைக்கிறவர்கள் நாம். நாம் பார்ப்பதால்தான் ஆட்டம். நாம் படிப்பதால்தான் கதை. ஆட்டக்காரன் வலியை மறைத்துக்கொண்டு ஆடினான் என்று தெரியும்போது, ‘ஆஹா, என்ன வீரம்!’ என்று நாம் மெய்சிலிர்க்கிறோம். அந்த மெய்சிலிர்ப்பு அடுத்த பையனுக்குப் பாடமாகிறது. அவனும் தன் வலியை மறைக்கக் கற்றுக்கொள்கிறான். நம்முடைய கைதட்டல் அவனுக்குச் செலுத்தும் கூலி என்று எண்ணுகிறோம். எனக்கென்னவோ அது நாம் வாங்குகிற கடன் என்று தோன்றுகிறது.

அன்று இரவு இதையெல்லாம் தங்கை மகனிடம் நீட்டி முழக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க எழுதறதை எப்ப நிறுத்துவீங்க, மாமா? மணி ஒண்ணரை” என்றான். பதில் சொல்ல முடியாமல் எழுந்து விளக்கை அணைத்தேன். இந்தக் கட்டுரை ஒரு வாரம் தாமதமாக வந்திருக்கிறது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.