ஆள் இல்லை என்று சொல்பவர்கள்

நமது நாட்டின் நிர்மாணத்துறை அமைப்புகள் அரசாங்கத்திடம் வைக்கும் வேண்டுகோள்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: "வேலைக்கு ஆள் இல்லை." 2010களின் பிற்பகுதியில் நிர்மாணக் கைத்தொழில் சம்மேளனம் உள்ளிட்ட துறைசார் அமைப்புகள் இதனை ஊடகங்களில் அடிக்கடி சொல்லி வந்தன. இளைஞர்கள் முச்சக்கரவண்டி ஓட்டப் போய்விட்டார்கள், மத்திய கிழக்குக்குப் போய்விட்டார்கள், ஆகவே வெளிநாட்டுத் தொழிலாளரைக் கொண்டுவர இடம் தர வேண்டும் என்று அந்த வாதம் நீண்டது.

இதைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் நல்ல மேசன் ஒருவரைத் தேடி அலைந்தவர்களுக்கு அதன் உண்மை தெரியும். ஆனால் சொற்களைக் கவனிப்பது எழுதுகிறவனின் வேலை. சீமெந்து விலை ஏறினால் "விலை ஏறிவிட்டது" என்கிறோம். கம்பி விலை ஏறினாலும் அப்படித்தான். மேசனுடைய விலை ஏறினால் மட்டும் "ஆள் இல்லை" என்கிறோம். இந்தக் கூலிக்கு, இந்த வெயிலில், சாரத்திலிருந்து விழுந்தால் கேட்க நாதியில்லாத இந்த நிபந்தனைக்கு ஆள் இல்லை என்பதே முழு வாக்கியம். அதில் முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் அமைச்சரிடம் கொண்டுபோகிறார்கள்.

கொந்தராத்துக்காரர்களுக்குச் சங்கம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். 2021இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த சீமெந்துப் பை 2022இல் இரண்டாயிரத்தையும் தாண்டிப் போனது. அரசாங்க வேலைகளைச் செய்து முடித்தவர்களுக்குக் காசு வரவில்லை. வங்கிக்கடன் கழுத்தை நெரித்தது. அந்த நாட்களில் நிலுவையைக் கொடுங்கள் என்று இவர்களது அமைப்புகள் குரல் கொடுத்தது முற்றிலும் நியாயமானது. செய்த வேலைக்குக் கூலி கேட்பதுதான் அது. அந்த ஒரு கணத்தில் கொந்தராத்துக்காரரும் அவரது கையாளும் ஒரே வரிசையில் நின்றார்கள்.

ஆனால் அதே 2022ல் இன்னொன்றும் நடந்தது. நேற்றுவரை "கிடைக்காத" ஆட்கள் சில மாதங்களுக்குள் வேண்டாத ஆட்கள் ஆனார்கள். நிர்மாணத்துறை அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் கடுமையாகச் சுருங்கியது. 2022ல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிந்து புறப்பட்டார்கள். ஆள் குறைந்தபோது அது நாட்டின் பிரச்சினையாக இருந்தது. வேலை குறைந்தபோது அது அந்தந்த வீட்டு அடுப்பங்கரையின் பிரச்சினையாகிப் போனது.

சட்டம் இல்லாமலில்லை. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் 1941லேயே வந்துவிட்டது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ல் வந்தது: தொழிலாளி நூற்றுக்கு 8, தொழில்தருநர் 12. பின்னர் 1980ல் வந்த நம்பிக்கை நிதியத்துக்குத் தொழில்தருநர் இன்னும் 3. தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2016ல் மாதம் 10,000 ரூபாய் என்று தொடங்கி 2026 ஜனவரியில் 30,000 ஆனது. ஆனால் மேசனின் நாட்கூலி இந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலேயே நிற்பதால் அந்தச் சட்டம் அவனைத் தொடுவதில்லை. அவனைத் தொட வேண்டியது அந்த 12ம் 3ம்தான். பெரிய கம்பனி உப கொந்தராத்துக்குக் கொடுக்கிறது, அவர் ஒரு பாஸிடம் கொடுக்கிறார், பாஸ் நாலு பேரைக் கூட்டி வருகிறார். இந்தச் சங்கிலியில் தொழில்தருநர் யார் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார்கள்.

வியர்வை உலருமுன் கூலி என்ற ஹதீஸை மேடைகளில் தேய்ந்துபோகுமளவு கேட்டாயிற்று. எனக்கு அதைவிட இவ்விடயத்தில் உதவுவது இமாம் இப்னு தைமிய்யா தனது 'அல்ஹிஸ்பா'வில் நடத்தும் ஒரு விவாதம். விலையேறியபோது விலையை நிர்ணயிக்கும்படி நபியவர்களிடம் கேட்கப்பட்டதும், அவர்கள் மறுத்ததும் நமக்குத் தெரியும். சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்போர் இதை ஆதாரமாகக் கொள்வர். இமாம் அங்கே நிற்பதில்லை. விலை தானாக ஏறுவது வேறு, ஆட்கள் கூடிப் பேசி அதனை ஏற்றுவதும் இறக்குவதும் வேறு என்கிறார். சொத்துப் பங்கிட்டுக் கொடுப்பவர்கள் ஒன்றுசேர்ந்து கூலியை உயர்த்திவிடுவார்கள் என்பதனால் அவர்கள் கூட்டுச் சேர்வதையே இமாம் அபூஹனீபா தடுத்தார் என்று எடுத்துக்காட்டுகிறார். அத்தோடு, வாங்குவோர் கூடிப் பேசிக்கொண்டு விலையை அமுக்குவதும் தடுக்கப்பட வேண்டியதே என்கிறார். நாம் வழக்கமாக மறந்துவிடும் பாதி இது. கட்டடத் தொழிலையும் அவர் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்: மக்களுக்கு அத்தொழில் அத்தியாவசியமானால் அவர்களை வேலை செய்யும்படி ஆட்சியாளர் கட்டாயப்படுத்தலாம், ஆனால் அதற்கொத்த நியாயக் கூலிக்கு மட்டும். சுமார் நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் 1776ல் அடம் ஸ்மித்தும் ஏறத்தாழ இதையே கண்டார்: தொழிலாளர் கூடினால் ஊரெல்லாம் சத்தம், முதலாளிமார் எந்நேரமும் சத்தமின்றிக் கூடியே இருக்கிறார்கள் என்பது அவரது அவதானிப்பு.

ஆக, சங்கம் கூடுவது குற்றமா என்பது என் கேள்வியல்ல. கூடிய பலத்தை எதற்குச் செலவிடுகிறார்கள் என்பதே கேள்வி. இதற்கு விடை எனக்கு ஒரு நூலிலிருந்து வரவில்லை. மச்சான் முறையான ஒருவர் திருகோணமலையில் சிறு கொந்தராத்துகள் எடுத்துச் செய்கிறார், ஐங்காலத் தொழுகையாளி. ஆட்களுக்கு ஏன் சேமலாப நிதி கட்டுவதில்லை என்று கேட்டேன். "நான் மட்டும் எல்லாருக்கும் ஈ.பீ.எப். கட்டி டெண்டர் போட்டா, கட்டாதவன் குறைச்சுப் போட்டு எடுத்துக்கிட்டுப் போயிடுவான் மச்சான். பொறகு என்னெட ஆக்களுக்கு வேலையுமில்ல, கூலியுமில்ல" என்றார்.

இந்தப் பதிலை நான் இலேசாக எடுக்கவில்லை. குறைந்த கேள்விப்பத்திரமே வெல்லும் என்ற ஏற்பாட்டில், தனியொருவரின் நேர்மை அவரையே வெளியே தள்ளிவிடும். ஆகவேதான் சங்கத்தின் மீது எனக்குக் கோபமும் எதிர்பார்ப்பும் ஒன்றாக வருகின்றன. தனியொருவரால் முடியாததைச் செய்வதற்குத்தானே சங்கம்? ஆட்களின் சேமலாப நிதியும் காப்புறுதியும் போட்டிக்கு அப்பாற்பட்ட தனித் தொகையாகக் கேள்விப்பத்திரத்தில் இருக்கட்டும், அதில் எவரும் குறைத்துப் போட முடியாதிருக்கட்டும் என்று ஒரு சங்கம் அரசிடம் கேட்டால், என் மச்சானைப் போன்றவர் ஒரு சதமும் இழக்காமல் நேர்மையாக இருக்க முடியும். இளகிய ஒப்பந்தங்களையும் வெளிநாட்டுக் கூலிகளையும் கேட்கச் செலவாகும் அதே கடிதத்தாள்தான் இதற்கும் செலவாகும்.

நமது ஆட்கள் போய்ச் சேரும் கட்டார், 2021ல் எல்லா நாட்டவருக்கும் பொதுவாக மாதம் 1,000 ரியால் அடிப்படைக் கூலி என்று வைத்தது. அந்த ஆண்டே கோடையில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்த வெளி வேலையை நிறுத்தியது. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் நம்பவில்லை. உலகக் கிண்ண மைதானங்களின் கதை உலகறிந்தது. ஆயினும் கச்சான் வீசும் ஆடி மாதத்து நண்பகலில் திருகோணமலையில் எந்தச் சாரத்திலும் வேலை நின்றதை நான் கண்டதில்லை. பையன்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்கலாம்.

எங்கள் துறைமுகம் கட்டுமானங்களுக்குப் பழகியது. சீமெந்தே கரையில்தான் அரைபடுகிறது. பிரித்தானியர் 1930களில் எழுப்பிய எண்ணெய்க் குதங்களைப் பற்றி, 1942 ஏப்ரல் 9ல் ஜப்பானிய விமானமொன்று அவற்றிலொன்றில் மோதி எரிந்ததைப் பற்றி, இங்கே சிறுவர்களும் கதை சொல்வார்கள். தகடு சுமந்து அவற்றை எழுப்பியவர்கள் எவர் கதையிலும் வருவதில்லை. 2022 ஜனவரியில் அந்தக் குதங்களில் 61ஐ இந்தியாவுடன் கூட்டாக அபிவிருத்தி செய்ய உடன்படிக்கை ஆயிற்று. சம்பூரில் சூரிய மின்நிலையத்துக்கு 2025ல் அத்திவாரம் இடப்பட்டது. இவற்றுக்கும் ஆள் வேண்டும். ஆள் இல்லை என்று எவரோ மறுபடி கடிதம் எழுதுவார்.

அந்தக் கேள்விப்பத்திர யோசனையை மச்சானிடம் சொன்னேன். ஊர்ச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் பேசும்படி கேட்டேன். சிரித்தார். "பேசலாம். ஆனா ரெண்டு வருசச் சந்தா நிலுவையில கிடக்கு. முதல்ல அதக் கட்டோணும்" என்றார்.