காணிப்பாக்கத்தில் நின்று சொல்ல முடியுமா?

சித்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் காணிப்பாக்கம். முதலாம் குலோத்துங்கச் சோழன் காலத்தில் எழுந்ததாகச் சொல்லப்படும் வரசித்தி விநாயகர் கோயில் இங்கே இருக்கிறது. இந்தப் பிள்ளையார் முன் பொய்ச்சத்தியம் செய்ய யாரும் துணிவதில்லை. கடன் தகராறோ, வரப்புத் தகராறோ, திருட்டுப் பழியோ, திருக்குளத்தில் முழுக்குப் போட்டு ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று சொல்ல வேண்டும். குளத்துப் படியிலேயே உண்மையை ஒப்புக்கொண்டு ராஜியாகிப் போனவர்களின் கதைகள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அரசியல்வாதிகளே ஒருவரையொருவர் காணிப்பாக்கத்துக்கு வரச்சொல்லிச் சவால் விடுவார்கள்.

இதே மண்ணின் பிள்ளைகள் இன்று இன்னொரு சத்தியமும் செய்கிறார்கள். சித்தூரிலோ திருப்பதியிலோ இன்ஜினியரிங் முடித்து, சென்னையிலோ பெங்களூரிலோ சில வருடம் வேலை பார்த்து, வெளிநாட்டு எம்.பி.ஏ.வுக்கு விண்ணப்பிப்பவர்கள். அட்மிஷன் அதிகாரிகள் அந்தப் பெருநகரங்களுக்கு வந்து ஓட்டல் அரங்குகளில் கூட்டம் நடத்தும்போது தவறாமல் சொல்வது, கட்டுரையில் உங்கள் சொந்தக் கதையை எழுதுங்கள் என்பதுதான். விண்ணப்பத்தின் கடைசியில் சின்னதாக ஒரு கட்டம் இருக்கும்: மேலே உள்ளதெல்லாம் உண்மை, நானே எழுதியது. கெடு முடியும் இரவில் அதில் ஒரு டிக். அவ்வளவுதான். முழுக்கும் இல்லை, ஈரத்துணியும் இல்லை.

காசு வாங்கிக்கொண்டு கட்டுரையை எழுதியே கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். போகாத கிராமத்தில் நடத்தாத தொண்டு, வகிக்காத பொறுப்பு எல்லாம் அதில் ஏறிவிடும். கேட்டால், யாருக்கு என்ன நஷ்டம் என்பார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறார் அல்லவா? கொடுத்திருக்கிறார். ஆனால் வகுப்பில் இருப்பது அளவான இடங்கள்தான். பொய்க்கதை ஒன்று உள்ளே போனால் உண்மையை எழுதிய யாரோ ஒருவர் வெளியே நிற்கிறார். அதைக் குற்றமற்ற நன்மை என்று எப்படிச் சொல்வது?

நடந்தவற்றில் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தேர்ந்தெடுப்பது பொய்யல்ல. நடக்காததைச் சேர்ப்பதுதான் பொய். இந்தக் கோடு தெரியாத விண்ணப்பதாரர் எவரும் இல்லை.

கோயிலை ஒட்டி ஓடும் பாகுதா நதிக்கு மகாபாரதத்தின் சாந்தி பர்வக் கதை ஒன்று உண்டு. சங்கர், லிகிதர் என்ற இரு முனிவர்கள், அண்ணன் தம்பி. அண்ணன் இல்லாத நேரத்தில் அவர் ஆசிரமத்துப் பழங்களைத் தம்பி பறித்துத் தின்றுவிட்டார். கேளாமல் எடுத்தது திருட்டு, அரசனிடம் போய்ச் சொல் என்றார் அண்ணன். அரசன் சுத்யும்னன் மன்னிக்கத் தயாராக இருந்தும் லிகிதர் தண்டனையையே கேட்டு வாங்கினார். கைகள் வெட்டப்பட்டன, பாகுதாவில் மூழ்கியபோது மீண்டும் முளைத்தன. தெய்வத்துக்குப் பயந்து சொல்லும் உண்மையைவிட இது ஒரு படி மேலானது. அரசனே விட்டுவிடத் தயாரானபோதும் லிகிதர் தன்னை விடவில்லை.

2008-இன் நிதி நெருக்கடிக்குப் பிறகு, ஹார்வர்டில் 2009-இல் எம்.பி.ஏ. முடித்த மாணவர்கள் தாங்களாகவே ஓர் உறுதிமொழியை எழுதினார்கள். நேர்மையாகத் தொழில் செய்வோம் என்று வகுப்பில் பாதிக்கு மேல் கையெழுத்திட்டார்கள். மருத்துவர்களைப் போல மேலாளர்களுக்கும் உறுதிமொழி வேண்டும் என்று அங்கே பேராசிரியர்களாக இருந்த நிதின் நோஹ்ரியாவும் ராகேஷ் குரானாவும் அதற்கு முந்தைய ஆண்டே எழுதியிருந்தார்கள். மீறினால் தண்டனை இல்லாத சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனாலும் படிப்பை முடிக்கும்போது செய்யும் சத்தியத்தைவிட, உள்ளே நுழையும்போது டிக் செய்த அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் முதலில் கேட்க வேண்டும். பொய்க் கட்டுரையால் இடம் பிடித்தவர் பட்டமளிப்பு நாளில் எதன் மேல் நின்று சத்தியம் செய்வார்?

இத்தனைக்கும் சித்தூர்ப் பிள்ளைகளுக்குக் கதைப் பஞ்சமே கிடையாது. 2025-இல் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தபோது இந்த மாவட்டத்தின் கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசையில் காத்துக் கிடந்தன. கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று 12 ரூபாய் நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. அந்த வரிசையில் அப்பாவோடு நின்ற பெண்ணுக்கு விலை, இருப்பு, பேரம் எல்லாம் நேரில் தெரியும். ஹார்வர்டின் நேர்காணல் அரை மணி நேரம். எதிரே இருப்பவர் விண்ணப்பத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் உட்காருவார். எந்த ஆலை, ஏன் எடுக்கவில்லை, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று அவர் தோண்டித் தோண்டிக் கேட்டாலும் அந்தப் பெண்ணிடம் பதில் இருக்கும்.